வீட்டு அடைசலும் மன அடைசலும்: விட்டுவிடுவது எப்படி?

என் மேஜையின் கடைசி டிராயரில் ஏழு சாவிகள் கிடந்தன. எந்தப் பூட்டுக்கு எது என்று எனக்கும் தெரியாது, வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. ஒன்பது வருடத்தில் மூன்று முறை வீடு மாறினோம். மூன்று முறையும் அந்தச் சாவிகளைக் காகிதத்தில் சுற்றிப் பத்திரமாக எடுத்துவந்து, மறுபடி அதே டிராயரில் போட்டேன். பூட்டுகள் பழைய வீடுகளிலேயே தங்கிவிட்டிருக்கும் என்று உள்ளுக்குள் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை கையில் எடுத்தபோதும் வாயில் வந்த சொல் ஒன்றுதான்: "இருக்கட்டும்."

வீட்டில் சேரும் அடைசலில் பெரும்பகுதி இந்தச் சொல்லில்தான் பிறக்கிறது. கேட்பதற்கு ஏதோ முடிவெடுத்த மாதிரி இருக்கும். உண்மையில் முடிவைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். பரணில் இருக்கும் ஒவ்வொரு அட்டைப்பெட்டியும் என்றோ ஒரு நாள் எடுக்காமல் விட்ட முடிவு. மனசிலும் இதே கதைதான். "அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே" என்றுதானே ஆறுதல் சொல்கிறோம்? வைத்துக்கொள்வது, சுமப்பது, விட்டுத் தள்ளுவது என்று சாமானுக்குச் சொல்லும் வினைகளையே மனசுக்கும் சொல்கிறோம்.

அதனால் இந்த வழிகாட்டி சாமானில் தொடங்கி மனசில் முடிகிறது. முடிவெடுப்பது ஒரு பழக்கம். அதைப் பழகுவதற்குச் சாவி சுலபம், மனக்கசப்பு கஷ்டம்.

தொடங்குவதற்கு முன்: கை ஏன் வர மறுக்கிறது?

டேனியல் கானமன், ரிச்சர்ட் தாலர் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஒரு சோதனை இது. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பை கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கோப்பை இல்லை. பிறகு, கோப்பை வைத்திருப்பவர் என்ன விலைக்கு விற்பார், இல்லாதவர் என்ன விலை கொடுப்பார் என்று கேட்டார்கள். விற்பவர் கேட்ட விலை, வாங்குபவர் தருவதாகச் சொன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோப்பை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அது "என்னுடையது" ஆகிவிட்டது.

சில நிமிடத்துக்கே இப்படி என்றால் பதினைந்து வருடம் அலமாரியில் இருந்த சட்டைக்கு எப்படி இருக்கும்? தூக்கிப்போட மனசு வரவில்லை என்பதால் அந்தப் பொருள் மதிப்புள்ளது என்று அர்த்தம் ஆகாது. உங்களிடம் இருக்கிறது என்பது மட்டும்தான் அர்த்தம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொரு கயிறும் நம்மைக் கட்டிவைக்கிறது: "இவ்வளவு காசு போட்டு வாங்கினோமே." அந்தக் காசு வாங்கிய அன்றே போய்விட்டது. பொருளை வைத்திருப்பதால் அது திரும்பி வராது. வைத்திருந்தால் கூடுதலாக இடமும் போகும், தூசி துடைக்கும் நேரமும் போகும்.

முதல் படி: ஒரே ஒரு டிராயர், இருபது நிமிடம்

"இந்த ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க ஒழுங்கு பண்ணிவிடுகிறேன்" என்று கிளம்புபவர்கள் மதியம் இரண்டு மணிக்குச் சாமான்களுக்கு நடுவே பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். ராத்திரி படுக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் அள்ளித் திரும்ப அதே இடத்தில் திணித்தேன்.

ஒரு டிராயர், அல்லது ஒரு தட்டு போதும். கடிகாரத்தில் இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது அத்தனையையும் வெளியே கொட்டுங்கள். உள்ளே வைத்தபடி பொறுக்கி எடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும்போது ஒவ்வொன்றும் தன் இடத்தில் உரிமையோடு இருக்கிற மாதிரித் தோன்றும். தரையில் கொட்டிப் பாருங்கள், அந்த உரிமை போய்விடும். காலி டிராயரைத் துடைத்த பிறகு, எதைத் தூக்கிப்போடலாம் என்று யோசிக்காதீர்கள். எதை மறுபடி உள்ளே வைக்கலாம் என்று யோசியுங்கள். பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருக்கும். செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் படி: ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கேட்க வேண்டியது

நிறையக் கேள்விகள் வேண்டாம். எனக்கு உதவியவை மூன்று.

இன்று இது தொலைந்துபோனால் போய் இன்னொன்று வாங்குவேனா? கோப்பை ஆய்வில் பார்த்த அந்த "என்னுடையது" மயக்கத்தை உடைக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. வாங்குபவரின் இடத்தில் நின்று பார்க்க வைக்கிறது.

இது யாருக்காக இருக்கிறது: இப்போது இருக்கும் எனக்கா, ஆக நினைத்த எனக்கா? என்னிடம் ஒரு கிட்டார் இருந்தது. வாங்கிய முதல் மாதம் விரல் நுனி காய்த்தது, அதோடு சரி. எட்டு வருடம் மூலையில் சாய்ந்து நின்றது. கடந்து போகும்போதெல்லாம் "என்னைத் தொடவில்லையே" என்று கேட்கிற மாதிரி இருக்கும். கடைசியில் ஒரு பள்ளி மாணவனுக்குக் கொடுத்தேன். கொடுத்தபோது கிட்டாரைப் பிரிந்த வருத்தம் கொஞ்சம்தான். கிட்டார் வாசிக்கும் ஒருவனாக நான் ஆகப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டதுதான் உறுத்தியது. உடம்புக்குச் சேராத உடை, படிக்காத தடித்த புத்தகங்கள், பிரிக்காத உடற்பயிற்சிக் கருவி எல்லாமே இந்த ரகம். இவற்றைக் கொடுக்கும்போது நிஜமாகவே ஒரு இழப்பு இருக்கிறது. இல்லை என்று நடிக்க வேண்டாம்.

மூன்றாவது: பயத்தினாலா, பயன்படுவதாலா? "எப்போதாவது தேவைப்பட்டால்?" என்ற பயத்துக்கு ஒரு வழி உண்டு. முடிவு எடுக்கவே முடியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டு, ஒட்டி, மேலே ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி எழுதுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதக் கூடாது. அந்தத் தேதிவரை எதையும் தேடிப் பெட்டியைத் திறக்கவில்லை என்றால், திறக்காமலேயே கொடுத்துவிடலாம். (ஆவணங்களை இந்தப் பெட்டியில் போடாதீர்கள், தயவு செய்து.) ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டிதான். இரண்டாவது பெட்டி வந்தால் அது இன்னொரு பரண்.

என் ஏழு சாவிகளும் அப்படி ஒரு பெட்டியில் போய், ஆறு மாதம் கழித்துப் பழைய இரும்போடு போயின. அது போய் நாலு மாதத்தில் பரணிலிருந்து ஒரு பூட்டிய தகரப் பெட்டி கிடைத்தது. சாவி இல்லை! வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பூட்டை உடைத்தோம். உள்ளே இரண்டு பழைய போர்வையும் ஒரு குடையும் இருந்தன. தேவைப்படும் என்ற பயம் சில சமயம் பலிக்கும். பலித்தால் ஆகும் நஷ்டம் பெரும்பாலும் ஒரு பூட்டு அளவுதான்.

மூன்றாம் படி: எதில் தொடங்கி எதில் முடிப்பது

மனசு ஒட்டாத சாமானில் தொடங்குங்கள். காலாவதியான மருந்து, எழுதாத பேனா, எந்தக் கருவிக்கு என்று தெரியாத ஒயர், மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி. அப்புறம் உடைகள், பாத்திரங்கள், புத்தகங்கள். அதன்பின் காகிதங்கள். நினைவுப் பொருட்கள் கடைசியில்தான். முதல் நாளே பழைய கடிதக் கட்டைப் பிரித்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

அவசரப்படக் கூடாத இடங்களும் உண்டு. சொத்துப் பத்திரம், பிறப்பு இறப்புச் சான்றுகள், படிப்புச் சான்றிதழ், வரி, காப்பீடு, மருத்துவ அறிக்கைகள் இவற்றை உற்சாகத்தில் கிழித்துவிட்டு அலைந்தவர்கள் நிறையப் பேர். தனிக் கோப்பு போட்டுவிட்டு மேலே போங்கள். பழைய மருந்துகளைக் கழிப்பறையில் கொட்டுவதைவிட மருந்துக் கடையில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். உப்பிய செல்போன் பேட்டரியைச் சாதாரணக் குப்பையில் போட்டால் தீப்பிடிக்கலாம். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். பழைய போனைக் கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிடுங்கள்.

பிரித்து வைத்த மூட்டை அன்றைக்கே, முடியாவிட்டால் அந்த வாரத்துக்குள் வாசலைத் தாண்ட வேண்டும். வாசல் ஓரம் நிற்கும் மூட்டைக்குள் கை விட்டு "இது மட்டும் இருக்கட்டும்" என்று எடுக்காத மனிதர் இல்லை. இன்னொன்று: கிழிந்ததையும் உடைந்ததையும் தானம் என்று கொடுக்காதீர்கள். நம் வீட்டுக் குப்பையை எறியும் வேலையை இன்னொருவர் தலையில் கட்டுவதற்குப் பெயர் தானம் இல்லை.

நான்காம் படி: நினைவுப் பொருட்கள்

இங்கே நிதானம் வேண்டும். அம்மா போன பிறகு அவருடைய மூக்குக் கண்ணாடி என்னிடம் வந்தது. இடது பக்கக் காம்பில் திருகாணி விழுந்து, அவரே கறுப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்தார். அந்த நூல்தான் அம்மா. கூடவே அவருடைய பதினான்கு புடவைகள், இரண்டு கைப்பைகள், ஒரு டப்பா நிறையப் பொத்தான்கள், மருந்துச் சீட்டுக் கட்டு. எல்லாவற்றையும் நான்கு வருடம் தொடாமல் வைத்திருந்தேன். எதையாவது கொடுத்தால் அவரையே கொடுத்த மாதிரி.

ஒரு நாள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் புரிந்தது: பாதிப் பொருட்களில் அம்மா இல்லை. கைப்பைகள் அவர் பயன்படுத்தாதவை. மருந்துச் சீட்டில் இருந்தது அவருடைய நோய். கண்ணாடியும், ஒரு புடவையும், பொத்தான் டப்பாவும் போதுமாக இருந்தன. மற்றதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு, உடுத்தக் கூடியவர்களுக்குக் கொடுத்தேன். படம் எடுப்பது எனக்கு நானே கண்டுபிடித்த தந்திரம் என்று நினைத்திருந்தேன். 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் அதைத்தான் சொல்கிறது: நினைவுப் பொருட்களைப் படம் எடுத்துவிட்டுத் தானம் செய்யுங்கள் என்று சொன்ன மாணவர் விடுதிகளில், வெறுமனே சேகரித்துக் கொடுக்கச் சொன்ன விடுதிகளைவிடக் கூடுதலான பொருட்கள் வந்தன. பொருள் போனால் நினைவும் போய்விடும் என்ற பயம்தான் கையைப் பிடித்து இழுக்கிறது.

துக்கம் புதிதாக இருக்கும்போது இந்தப் படிக்கே வராதீர்கள். "சீக்கிரம் எடுத்துப் போட்டால்தான் ஆறும்" என்று சுற்றி இருப்பவர்கள் சொல்வார்கள். ஆறும் வேகம் அவர்கள் கையில் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. பூட்டிய அறை ஒரு வருடம் பூட்டியே இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

அப்புறம், மற்றவர்களின் சாமான். தொடக் கூடாது, அவ்வளவுதான். கணவருடைய பழைய பத்திரிகைக் கட்டு உங்கள் கண்ணுக்குக் குப்பை, உங்கள் துணிக் குவியல் அவர் கண்ணுக்கு. கேட்காமல் எறிந்தால் ஒரு அலமாரி காலியாகும், மனசில் ஒன்று நிறையும்.

ஐந்தாம் படி: மனசில் திறந்தே கிடப்பவை

சாமான் குறைந்தால் மகிழ்ச்சி தானாக வருமா? வராது என்பதுதான் என் அனுபவம். இரைச்சல் குறையும். அமெரிக்கக் குடும்பங்களிடம் செய்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் வீட்டை அடைசல் என்றும் முடியாத வேலைகள் நிறைந்தது என்றும் வர்ணித்த பெண்களுக்குப் பகல் முழுவதும் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. எது எதனால் என்று அது சொல்லவில்லை. மனசு சரியில்லாததால் வீடு அடைசலாக இருக்கலாம், வீட்டால் மனசும் கெடலாம். ஆனால் வீடு ஓரளவு அடங்கிய பிறகுதான் மனசின் இரைச்சல் தனியாகக் காதில் விழும். எனக்கு அப்படித்தான் விழுந்தது.

மனசின் அடைசலில் இரண்டு வகை. ஒன்று, முடியாமல் தொங்கும் வேலைகள்: பதில் போடாத கடிதம், போகாத பல் மருத்துவர், திருப்பிக் கொடுக்காத புத்தகம். 1927-லேயே ப்ளூமா ஜெய்கார்னிக் என்ற உளவியலாளர், முடித்த வேலையைவிட பாதியில் தடுக்கப்பட்ட வேலை நன்றாக நினைவில் நிற்கிறது என்று எழுதினார். பின்னால் வந்த எல்லாச் சோதனைகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு "அந்த ரசீது எங்கே?" என்று யோசித்தவர்களுக்குச் சோதனை எதற்கு?

இதற்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. வேலையை முடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. எப்போது, எப்படிச் செய்வேன் என்று திட்டவட்டமாக எழுதிவிட்டாலே அது மனசில் குறுக்கிடுவது அடங்கிவிடுகிறது என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. "பல் மருத்துவரைப் பார்க்கணும்" என்று எழுதினால் போதாது. "வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு போன் செய்து நேரம் கேட்கணும்" என்று எழுத வேண்டும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தபோது, படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள்.

செய்யவே போவதில்லை என்று தெரிந்த வேலைகளை எழுதி, அடித்துவிடுங்கள். என் பட்டியலில் "ஜெர்மன் படிக்கணும்" பன்னிரண்டு வருடம் இருந்தது.

ஆறாம் படி: மனசில் வைத்துக்கொண்டவை

இரண்டாவது வகைக்குப் பட்டியல் போதாது. ஒரு துரோகம், ஒரு அவமானம், நாமே ஒருவருக்குச் செய்த தவறு. இவற்றை "நினைக்கவே கூடாது" என்று மூடி வைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் சிலரிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். கரடி வந்துகொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்கலாம் என்று விடப்பட்டவர்களைவிட அதிகமாக வந்தது.

அப்படியானால் டிராயருக்குச் செய்ததையே இதற்கும் செய்ய வேண்டும்: வெளியே கொட்டுவது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட முறை எளிமையானது. தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனசை அழுத்தும் ஒரு விஷயத்தை நடந்ததும் அதனால் பட்டதும் சேர்த்து எழுதுவது. எழுத்துப்பிழை, நடை, யார் படிப்பார்கள் என்ற கவலை எதுவும் கூடாது. எழுதிய கையோடு மனசு இன்னும் கனக்கும். அவர் சோதனையிலும் அப்படித்தான் ஆனது. ஆனால் அடுத்த மாதங்களில் அப்படி எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பிறகு நடந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியதுதான். எழுதும்போது தாங்கமுடியாமல் போனால் நிறுத்திவிடுங்கள். அண்மையில் பெரிய அதிர்ச்சி நடந்திருந்தால் தனியாக இதில் இறங்க வேண்டாம். மனநல ஆலோசகர் ஒருவர் துணை இருக்கட்டும்.

நான் எழுதியது ஒரு நண்பனைப் பற்றி. ஆறு வருடம் பேசவில்லை. முதல் நாள் முழுக்க அவன் செய்தது. இரண்டாம் நாளும் அதேதான், இன்னும் மோசமான வார்த்தைகளில். மூன்றாம் நாள் பேனா ஒரு இடத்தில் நின்றது: அன்றைக்கு அவன் இரண்டு முறை போன் செய்திருந்தான், நான் எடுக்கவில்லை. ஆறு வருடம் இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு போனைப் பற்றி ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

அந்தத் தாளை அனுப்பவில்லை, அனுப்பக் கூடாது. ஒரு மாதம் கழித்துத் தனியாக நாலு வரி எழுதி அனுப்பினேன். பதில் வந்தது, ஆனால் பழைய நட்பு திரும்பவில்லை. மன்னிப்பதும் உறவைப் புதுப்பிப்பதும் வேறு வேறு. உங்களைத் துன்புறுத்தியவரை மன்னித்தாலும் வீட்டுக்குள் விடவேண்டிய கட்டாயம் இல்லை. மன்னிக்கவே மனசு வரவில்லையா? அதையும் ஆறு மாதப் பெட்டியில் போட்டு வையுங்கள், தப்பில்லை.

நாம் செய்த தவறு என்றால் வரிசை மாறும். சரிசெய்ய முடிந்ததை முதலில் சரிசெய்யுங்கள், கேட்கவேண்டிய மன்னிப்பைக் கேளுங்கள். அதைச் செய்யாமல் "என்னை நானே மன்னித்துவிட்டேன்" என்று எழுதிக்கொள்வது, கடனைக் கட்டாமல் ரசீதைக் கிழிப்பது மாதிரி.

எப்போது இந்த வழிகாட்டி போதாது

கட்டிலில் படுக்க முடியாத, அடுப்பை மூட்ட முடியாத அளவுக்குச் சாமான் சேர்ந்து, பழைய செய்தித்தாளை எடுத்தால்கூடப் பதற்றம் வருகிறது என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இது தனியொரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. வீட்டார் ஒரு நாள் லாரி வைத்து அள்ளினால் நிலைமை மோசமாகும். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஏழாம் படி: திரும்பச் சேராமல் இருக்க

ஒன்று வந்தால் ஒன்று போகட்டும். வாங்கத் தோன்றியதை எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். எதற்காக ஆசைப்பட்டோம் என்றே பல நேரம் நினைவிருக்காது. இலவசமாக வருவதற்கும் இடம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வாரம் ஒரு முறை அதே இருபது நிமிடம், ஏதாவது ஒரு மூலை. போனில் குவியும் படங்களும் குழுக்களும்கூட அந்த இருபது நிமிடத்தில் அடக்கம்.

சாவிகள் இருந்த டிராயரைத் துடைத்துக் காலியாகவே விட்டிருந்தேன், அதற்குள் எதுவும் போடுவதில்லை என்று. நேற்று பேனா தேடித் திறந்தபோது உள்ளே ஒரு சார்ஜர் கிடந்தது. என்னுடையது இல்லை. சாயங்காலம் எல்லோரும் வந்ததும் கேட்க வேண்டும்.